சோப்பு படாத பேசின்

என் கண்ணு ஸ்டெல்லாவுக்கு, எனக்கு முன்னால் அவசரப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்ட என் ஒரே பிள்ளைக்கு, அம்மா எழுதுவது.

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இன்று காலைப் பூசையில் உன் பேரை வாசித்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது ஃபாதர் என் கையைப் பிடித்து, நம் கோயிலில் அச்சடித்துக் கொடுக்கிற பங்குத் தாளில் உனக்கு ஒரு நினைவஞ்சலி போடலாம், நானே எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஐந்தாவதோடு நின்றவள் நான், என்னத்தை எழுதுவேன் என்று கேட்டேன். "மனசுல இருக்கிறதை எழுதுங்கம்மா. ஆனா கோவம் மட்டும் வேணாம்" என்றார். இந்த ஊரில் என்னை எல்லாரும் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

சரி, கோபத்தை எழுதவில்லை. அருவருப்பை எழுதுகிறேன். அதை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

போன வாரம் நீ டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். வந்ததிலிருந்து வாயில் ஏதோ புளித்துப்போன மாதிரியே இருக்கிறது. எத்தனை தடவை கொப்பளித்தாலும் போகவில்லை. உன்னிடம் சொன்னால்தான் போகும் போல.

அதற்கு முன்னால் உன் பேசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கில்லை, இதைப் படிக்கிற ஆஸ்டின் டவுன் ஜனங்களுக்கு.

சிவாஜி நகரில் ஏதோ பழைய சாமான் கடையில் நீ வாங்கி வந்த எனாமல் பேசின். வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு, ஒரு பக்கம் எனாமல் உதிர்ந்து கறுப்பு தெரியும். என்னைக் கேட்டா வாங்கினாய்? ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாகவே என் காலம் போனது. அதே மாதிரிப் பேசினை நோயாளிகளின் வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அதில் எதெல்லாம் விழும் என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவந்து என் சமையல் மேடையில், அரிசி களையும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். வைத்ததும் போதாமல், அதற்குச் சோப்பு போடக் கூடாது என்று சட்டம் வேறு.

"இதுல சோப்பு பட்டா என் ஊசி முங்கிடும்மா" என்றாய்.

"ஊசி முங்காம பின்ன நீந்துமா?"

"நீந்தும். நீ கொஞ்சம் குனிஞ்சி பாரேன்."

நான் குனியவில்லை. பினாயிலில் ஊறிய கை இது. சோப்பு காணாத பாத்திரத்தைக் கண்டால் எனக்குக் குமட்டும். நீயோ கொதிக்கிற வெந்நீரை ஊற்றி ஒரு சுழற்று சுழற்றி, வெறும் துணியால் துடைத்து, அதைக் கவிழ்த்து வைப்பாய். அவ்வளவுதான் அதற்குக் குளியல். எனக்கு மனசு அரிக்கும். நீ பள்ளிக்குப் போனதும் சபீனாவைப் போட்டு ஒரு தேய் தேய்த்துவிடலாமா என்று கை பரபரக்கும். ஆனால் ஒரு நாளும் போடவில்லை. அது உனக்கும் தெரியும்.

பேசினைவிட மோசம் அந்த ஊசி. தையல்காரி மாதிரி ஊசியை உன் தலைமுடிக்குள் விட்டு இழுப்பாய். அந்தத் தேங்காய் எண்ணெயோடு அதை ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தின் மேல் படுக்க வைத்து, காகிதத்தோடு தண்ணீரில் விடுவாய். காகிதம் நனைந்து அடியில் போய்விடும், ஊசி மட்டும் மேலேயே கிடக்கும் என்பாய். தலை எண்ணெயைத் தண்ணீரில் கலக்கிற வீட்டில் நான் சாப்பிடமாட்டேன் என்று தட்டைத் தள்ளிவைத்தேன். அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.

நீ என்னென்ன செய்தாய் என்று இந்த மண்டையில் அப்படியே இருக்கிறது. தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையால் மூடிக் கவிழ்த்தாய். தண்ணீர் கொட்டவில்லை. நனைந்துபோன பத்திரிகையில் முகூர்த்த நேரம் அழிந்துபோய், கல்யாணத்துக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போனோம். முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்க விட்டாய். அதே முட்டையை எனக்கே ஆம்லெட் போட்டுக் கொடுத்தாய். மூடி இறுக்கிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தாய். அது வெடித்து நான் வாங்கி வைத்திருந்த மீனெல்லாம் கண்ணாடித் தூள். நான் மீனுக்காகக் கத்துகிறேன், நீ கைதட்டுகிறாய், "தண்ணி கட்டியானா பெருசாகுதும்மா, பாத்தியா" என்று.

எதைச் செய்தாலும் முன்னாலேயே கேட்பாய். "முதல்ல சொல்லுங்க, அப்புறம் பாருங்க. மிதக்குமா, முங்குமா? கை தூக்குங்க." பள்ளியில் செய்வதற்கு முன்னால் வீட்டில் செய்து பார்ப்பாய். அப்போது நானும் உன் வீட்டுக்காரர் அந்தோணியும் உன் மகள் ஜெனியும்தான் வகுப்பு. மனைவிக்குக் கோபம் வரக் கூடாது என்று அந்தோணி இரண்டுக்கும் கை தூக்குவார். நான் ஒன்றுக்கும் தூக்கமாட்டேன்.

இனிமேல்தான் அருவருப்பு வருகிறது.

போர்வெல்லெல்லாம் வற்றி, டேங்கர் லாரி எப்போது வரும் என்று தெருவே குடத்தோடு நின்ற அந்தக் கோடையில், உன் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் உன் வகுப்புக்குள் வந்தார். உன் மேசையில் பேசின் இருந்தது. பிள்ளைகள் கை தூக்கிக்கொண்டு இருந்தார்களாம். "தண்ணியை வச்சி வெளையாட இது உங்க வீட்டு பாத்ரூம் இல்ல மிஸ்" என்றார். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்பதையே 'நீரு வேஸ்ட் மாடபேடி' என்று கன்னடத்திலும் ஒரு முறை சொன்னாராம், வாசலில் நின்ற ஆயாவுக்கும் புரியட்டும் என்று. நீ ஒரே வாளித் தண்ணீரை நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வருகிறவள். அவர் பள்ளியின் வாசலில் அலங்காரத்துக்கு வைத்த ஃபவுண்டன் அந்தக் கோடையிலும் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அன்றிலிருந்து வீடியோ போட்டுக் காட்டினால் போதும் என்று உத்தரவு. நீ வீட்டுக்கு வந்து பேசினைக் கவிழ்த்து, கைக்கு எட்டாத பரண் தட்டில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாய். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், என் மேடை சுத்தமாயிற்றே. இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அப்புறம் மழை வந்தது. உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

ஆனால் ஒன்றை எழுதுவேன். உன்னை ஹாலில் கிடத்தியிருந்தபோது உன் பிரின்சிபால் மேடம் வந்தாள். பிஸ்கட் கலர்ப் புடவை, மெரூன் கரை. கையில் நாங்கள் கொடுத்த காபி. பக்கத்தில் நின்றவளிடம் குனிந்து சொன்னாள்: "எப்பப் பாத்தாலும் கிண்ணத்துல தண்ணி வச்சிட்டே இருப்பா. கொசு வராம என்ன பண்ணும்?" சொல்லிவிட்டுக் காபியை உறிஞ்சினாள். அந்தப் பேசின் கோடையிலிருந்து பரணில் கவிழ்ந்து கிடந்தது. அதில் தூசி இருந்தது, தண்ணீர் இல்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது அடுத்த வருஷத்து அட்மிஷன் தொடங்குகிற நேரம். அந்தோணிக்குப் போன் வந்தது. பிள்ளைகள் தண்ணீரில் சோதனை செய்து பார்க்க, உன் பேரில் 'ஸ்டெல்லா மிஸ் வாட்டர் கார்னர்' திறக்கிறார்களாம். பெற்றோர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்களாம். அங்கேயே எட்டாவது படிக்கிற நம் ஜெனி மேடையேறி ஊசியை மிதக்கவிட வேண்டும், அதை வீடியோ எடுப்பார்கள். மிதக்கவிட்டதும் மைக்கில் ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த வரியை அவளுக்கு இங்கிலீஷில் பாடம் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: "எங்க அம்மாவோட எக்ஸ்பெரிமென்ட்டுக்கெல்லாம் இந்த ஸ்கூல் எப்பவும் சப்போர்ட்டா இருந்துச்சு."

"சொல்லப் போறியாடி?" என்றேன்.

"தெரியல பாட்டி."

அந்தோணி குறுக்கே வந்தார். "விடுங்க அத்தை. அவ பேரு போடறாங்க இல்ல? ஜெனி அங்க இன்னும் படிக்கணும்."

நான் விடவில்லை. அந்த வரியைச் சொன்ன வாயோடு என்னிடம் முத்தம் வாங்க வராதே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து உன் பேசினை எடுத்தாள். வெந்நீர் வைத்தாள். நீ செய்கிற மாதிரியே சுழற்றி, துடைத்து, கவிழ்த்தாள். அதுதான் அவள் பதிலா? எனக்கு விளங்கவில்லை.

விழா அன்று அவள் தலைக்கு ஷாம்பு போட்டு, விரித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வீடியோவில் எண்ணெய் வடியக் கூடாதாம். வாசலில் ஃபவுண்டன் இப்போது கலர் விளக்கோடு பீய்ச்சுகிறது. உள்ளே உன் படம், ஆள் உயரத்துக்கு. கிட்டப் போய்ப் பார்த்தேன். உன் முகத்தை வெளுத்திருந்தார்கள் ஸ்டெல்லா. என் கறுப்பு, உன் அப்பன் கறுப்பு, ரெண்டும் சேர்ந்து வந்த உன் கறுப்பை ஏதோ பவுடர் விளம்பரம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். நெற்றித் தழும்பைக்கூடத் துடைத்துவிட்டார்கள். அது யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு மாலை போட்டார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் பிரின்சிபால் மேடம் ஜெனியின் கையிலிருந்த பேசினைப் பார்த்துவிட்டாள். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி விரல் நுனியில் வாங்கினாள். "என்ன இது? ஸ்டேஜ்ல இதைப் போய் வைக்கிறதா? அசிங்கமா இருக்கு" என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அசிங்கம் என்று அதைச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. அவளுக்கு என்ன உண்டு?

மேடையில் புதிய கண்ணாடித் தொட்டி வைத்தார்கள். பளபளவென்று, விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பறித்தது. கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்து, "ஸ்டெல்லா மிஸ் எனக்கு மகள் மாதிரி" என்றார். வார்டில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் எனக்கு வாந்தி வந்ததில்லை. அன்றைக்குத் தொண்டைவரை வந்தது. மடியில் பேசின் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஜெனியைக் கூப்பிட்டார்கள். அவள் ஊசியைத் தன் விரித்த தலைமுடியில் இழுத்தாள். காகிதத்தில் வைத்தாள், தண்ணீரில் விட்டாள். பின்னால் இருந்த பெரிய திரையில் ஊசி முழு ஹாலுக்கும் தெரிந்தது. காகிதம் போயிற்று. கூடவே ஊசியும் போயிற்று. திரும்ப எடுத்து விட்டாள். திரும்பவும் அடியில் போய்ப் படுத்தது. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை சிரித்தது. எனக்கு அந்தக் கரஸ்பாண்டென்ட் அசிங்கப்பட்டால் போதும் என்று இருந்தது, ஆனால் அங்கே நிற்பது நம் பிள்ளையாயிற்றே.

"பரவால்ல, பரவால்ல. பயந்துட்டா" என்று அவர் சிரித்தார். மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். "நீ அந்த லைனை மட்டும் சொல்லும்மா."

ஹாலே அவள் வாயைப் பார்த்தது. நான் பேசினை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பின்வரிசையில் அந்தோணி எழுந்து நின்றுவிட்டார் என்று அப்புறம் சொன்னார்கள்.

ஜெனி மைக்கைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தத் தொட்டியை மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, மேடைக்குக் கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டாள்.

"முதல்ல சொல்லுங்க. ஏன் முங்கிச்சி?"

அவர்களில் பாதிப் பேர் உன்னிடம் படித்தவர்கள் ஸ்டெல்லா. ஒரு கை மேலே போனது, பிறகு ஏழெட்டுக் கை. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து, "சோப்பு, மிஸ்" என்றாள். நம் ஜெனியைப் பார்த்து மிஸ் என்றாள். சொன்னவளும் நாக்கைக் கடிக்கவில்லை, கேட்டவளும் திருத்தவில்லை. வீடியோவில் பளபளக்க வேண்டும் என்று பாத்திரம் விளக்குகிற திரவத்தை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள் அந்தத் தொட்டியை. யாரைக் கேட்டுத் தேய்த்தார்கள்? யாரையும் கேட்கவில்லை. உன்னைக் கேட்க முடியாது.

ஜெனி அடியில் கிடந்த ஊசியை எடுத்து யூனிஃபார்மில் துடைத்தாள். மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள்.

"பேசினைக் குடு பாட்டி."

"அவங்க மேடைக்கு இது போவாது" என்றேன். பிடியை விடவில்லை.

"மேடைக்கு இல்ல. இங்கதான், கீழ."

சொல்லிவிட்டு என் காலடியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது கொடுத்தேன். அந்த இடத்துத் தண்ணீரை நான் குடிக்கமாட்டேன் என்று வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோயிருந்தேன், அதையும் கொடுத்தேன். பேசினில் ஊற்றினாள். சின்னப் பிள்ளைகள் ஜமக்காளத்தோடு நகர்ந்து வந்து சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கேமராக்காரனுக்கு யாருடைய முதுகோதான் கிடைத்தது.

ஜெனி ஊசியைத் தன் தலைக்குக் கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

"பாட்டி, தலையைக் குனி."

அந்த ஹாலில் எண்ணெய் வைத்த தலை என்னுடையது ஒன்றுதான் போல. குனிந்தேன். அத்தனை பேர் பார்க்க என் நரைத்த தலையில் ஊசியை விட்டு இழுத்தாள். "மிதக்குமா, முங்குமா? கை தூக்குங்க" என்றாள். அந்தோணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டுக்கும் தூக்கினார், அந்த மனுஷன் மாறவே இல்லை. நான் வழக்கம்போல் ஒன்றுக்கும் தூக்கவில்லை. குனிந்த தலையோடு எங்கே தூக்குவது.

குனிந்திருந்ததால்தான் பார்த்தேன் ஸ்டெல்லா.

காகிதம் நனைந்து கீழே போனது. ஊசி போகவில்லை. தண்ணீர் கிழியவில்லை. ஊசிக்கு அடியில் மட்டும் லேசாகக் குழிந்தது. வார்டில் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து நோயாளியைப் போர்வையோடு தூக்கும்போது நடுவில் போர்வை குழியுமே, அப்படி. தண்ணீர் அந்த ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேரை அப்படிப் பிடித்துத் தூக்கியவள் நான். இதைத்தானா பார்க்கச் சொன்னாய்? சமையல் மேடையில் நின்று, குனிஞ்சி பாரேன் என்று கெஞ்சினாயே, இதற்குத்தானா?

பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். உன்னை வெளுத்த படம் மேலே நின்றது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அந்த வரியை ஜெனி சொல்லவே இல்லை. கரஸ்பாண்டென்ட் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீயும் சமோசாவும் வெளியே இருக்கிறது என்று அறிவித்தார். பிள்ளைகள் அதற்கும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் பிரின்சிபால் மேடமும் வந்து பேசினை எட்டிப் பார்த்தாள். ஆச்சரியமாகத்தான் பார்த்தாள், பொய் சொல்லமாட்டேன். நான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "ரொம்ப நேரம் பாக்காதீங்கம்மா. கொசு வந்திடப் போவுது."

அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குக் காபிக் கப்போடு நின்றது அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. ஃபாதர் மன்னிக்கட்டும், நான் மன்னிக்கவில்லை.

மறுநாள் பள்ளியிலிருந்து அந்தோணியைக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிள்ளைக்கு ஒழுங்கு போதாது என்றார்களாம். எல்லாவற்றுக்கும் விடுங்க அத்தை என்கிற மனுஷன், "என் பொண்ணு ஊசியை மிதக்க வச்சா. அதுக்குத்தானே மேடம் கூப்பிட்டீங்க" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அடுத்த வருஷம் ஜெனியை அங்கே வைத்திருப்பார்களோ என்னவோ. அவள் அதைப் பற்றிக் கவலைப்படுகிற மாதிரி தெரியவில்லை. நான்தான் படுகிறேன். உன் பேர் போட்ட போர்டு அந்தச் சுவரில் அப்படியே இருக்கிறது. அதைக் கழற்ற எனக்குக் கை எட்டாது. அதை நினைத்தாலும் வாய் புளிக்கிறது.

பேசின் மறுபடியும் என் சமையல் மேடைக்கு வந்துவிட்டது, அதே இடத்தில், அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். சொல்வதைச் சொல்லிவிடுகிறேன், இன்னும் எனக்கு அதைக் கண்டால் குமட்டத்தான் செய்கிறது. அந்த உதிர்ந்த இடமும், அந்தக் கறுப்பும். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து, பாட்டி தலையைக் குனிங்க என்று நிற்கிறார்கள். திட்டிக்கொண்டே குனிகிறேன்.

நான் இந்த அடுப்பங்கரையில் நிற்கிறவரை அதில் சோப்பு படாது கண்ணு. மூக்கைப் பிடித்துக்கொண்டாவது வெந்நீர் ஊற்றுவேன், வெறும் துணியால் துடைப்பேன், கவிழ்த்து வைப்பேன். தலைக்கு எண்ணெய் வைப்பதையும் நிறுத்தமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
கடைசியில் குனிந்து பார்த்த உன் அம்மா,
லூர்து மேரி,
ஆஸ்டின் டவுன்.